சிடி கெடுத்ததா, அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சா?

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், பழைய இசைத்தட்டு சேர்ப்பவர். அவர் வீட்டுக்கு எப்பப் போனாலும் ஒரே பல்லவிதான். "மாஸ்டர்ல இருக்கிறது சிடியில வராது தம்பி. ஃபேக்டரியில ஆயிரக்கணக்குல அடிக்கும்போது சாரம் போயிடுது." இதைச் சொல்பவர் அவர் மட்டும் இல்லை. பழைய பாட்டு கேட்கிற பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க.

சாரம் போயிருக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனா பழியை ஃபேக்டரி மேல போடுறதைத்தான் என்னால் ஏத்துக்க முடியலை.

சிடியில் இருப்பது ஒலி இல்லை, எண். ஒரு நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது இரண்டுக்கும். கண்ணாடித் தகட்டில் லேசரால் எழுதி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டை உருக்கி அந்த அச்சில் அழுத்தி, அலுமினியம் பூசுகிறார்கள். முதல் தட்டும் பத்தாயிரமாவது தட்டும் ஒரே எண்களைத்தான் சொல்லும். கீறல் விழுந்தாலும் தாங்கும்படி திருத்தக் குறியீடு சேர்த்திருக்காங்க. தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் அழிஞ்சாக்கூட பிளேயர் அதை முழுசாகக் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

இதை நானே சோதிச்சுப் பாத்தேன். ஒரே நாகஸ்வர சிடி என்னிடம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாங்கியது, இன்னொன்று பல வருஷம் கழித்து சிதம்பரத்தில். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏத்தி, ஆடாசிட்டியில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் கூட்டினேன். வித்தியாசம் இருந்தால் அது மட்டும் மிஞ்சிக் கேட்கணும். முதலில் ஏதோ கேட்டது. ஒன்று இன்னொன்றைவிடச் சில நூறு அளவுகள் தள்ளித் தொடங்கியிருந்தது. அதைச் சரி பண்ணியதும் சுத்தமான மௌனம். தவில் தனியாவர்த்தனத்தில்கூட ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

சன்னதித் தெருக்கடையில் ஆருத்ரா தரிசனத்தப்ப வாங்கின மூன்றாவது பிரதி வேற கதை. அடிப்பக்கம் வெள்ளியா இல்லாம பச்சை ஓடியிருந்ததால் அது வீட்டு டிரைவில் எழுதினதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அதிர்வெண் படம் போட்டால் 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு, அதுக்கு மேல ஒண்ணுமே இல்லை. அது 128 கே எம்பி3-யின் அடையாளம். சிடியில் நொடிக்கு 14 லட்சம் பிட் ஓடும், இதில் அதில் 11-ல் ஒரு பங்குதான். எம்பி3-யை விரிச்சு மறுபடி ஆடியோ சிடியா எழுதி வித்திருக்காங்க. "சிடியில சாரம் இல்லை"ன்னு சொன்னவங்கள்ல எத்தனை பேர் கேட்டது இந்த மாதிரித் தட்டோ!

சரி, அது திருட்டுப் பிரதி. முறையாக வெளிவந்த, வெள்ளியா மின்னுற சிடியே நல்லா இல்லையே? பெரியவரின் கோபத்துக்குக் காரணமும் அப்படி ஒன்றுதான். எம். எம். தண்டபாணி தேசிகர் பாட்டுகள். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர், சிதம்பரத்துக்காரர்களுக்கு வீட்டு மனுஷர் மாதிரி. அந்தச் சிடியில் அவர் குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுற மாதிரி இருக்கு, போதாததுக்குச் சுருதி வேற ஏறியிருக்கு.

பெரியவரிடம் அதே பாட்டின் 78 சுழற்சித் தட்டு இருக்கு. அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். பழைய தட்டின் பள்ளம் அகலம். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடிவரை இறங்கி, அங்கே சேர்ந்த தூசியைத்தான் முதலில் வாசிக்கும். அதனால் 78-க்கு உரிய தடித்த ஊசி மாட்டினோம். வேகம் பார்க்க 77 கோடு போட்ட வட்டக் காகிதம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்தோம். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை சிமிட்டும், அந்த வெளிச்சத்தில் கோடுகள் நகராம நின்னால் வேகம் 77.92. (எல்இடி பல்பு வந்தப்புறம் இந்த வித்தையெல்லாம் போச்சு.)

தட்டில் பாட்டு 3 நிமிஷம் 12 நொடி. சிடியில் 3 நிமிஷம் 5 நொடி. கிட்டத்தட்ட 4 சதவீதம் வேகம். 6 சதவீதம் ஏறினால் அரைக்கட்டை ஏறும், அப்போ இது கால்கட்டைக்கும் மேல. அந்தக் காலத்துத் தட்டுகளிலும் எல்லாமே சரியா 78-ல் பதிவானது இல்லை, அதனால் தட்டுதான் வேதம்னு சொல்ல மாட்டேன். ஆனா சிடியில் அதே படத்தின் அடுத்த பாட்டு தட்டோடு நொடி பிசகாம ஒத்துப்போச்சு. ஒரே சிடிக்குள்ள ஒரு பாட்டு ஓடுது, ஒரு பாட்டு நடக்குது. இடையில் எங்கேயோ ஒரு காசெட்டிலிருந்து எடுத்திருக்கணும்னு என் ஊகம்.

போர்வைக்குக் காரணம் இரைச்சல் நீக்கம். தட்டின் 'ஸ்ஸ்' சத்தத்தைத் துடைக்கப்போய் தேசிகரின் சகரம், அடுத்த அடிக்கு இழுக்கிற மூச்சு எல்லாத்தையும் சேர்த்துத் துடைச்சிருக்காங்க. பிறகு, மெலிஞ்சதை ஈடுகட்ட லிமிட்டர் போட்டு எல்லாத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கியிருக்காங்க. மெல்லப் பாடுற இடமும் உரக்கப் பாடுற இடமும் ஒண்ணாயிடுச்சு. இவ்வளவையும் பண்ணின பிறகு ஃபேக்டரிக்கு அனுப்பினால் அது என்ன செய்யும்? கொடுத்ததை விசுவாசமா அடிச்சுத் தந்திருக்கு.

"அப்போ 24 பிட்டுல போட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டார். 16 பிட் சுமார் 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். அரக்குத் தட்டு 40-ஐத் தாண்டுவதே அபூர்வம். அண்டாவில் பாதிக்கும் கீழேதான் தண்ணி, அதுக்குப் பெரிய அண்டா எதுக்கு? 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் ஒரு சோதனை நடத்தினாங்க. உயர்தரத் தட்டின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி, எது எதுன்னு சொல்லாமலே கேட்க வைத்தார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். ஆனா அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேற: உயர்தரத் தட்டுகள் பல, சாதாரணச் சிடிகளைவிட நிஜமாவே நல்லா இருந்துச்சாம். அது வடிவத்தால் இல்லை, அவற்றைத் தயாரித்த பொறியாளர்கள் கூடுதல் அக்கறை எடுத்ததால்னு அவங்களே எழுதியிருக்காங்க.

'மாஸ்டர்'ங்கிற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கு. 1942 தட்டுக்கு மாஸ்டர்னா உலோக அச்சு, 1970-களின் பாட்டுக்கு டேப்பு, இப்போ ஒரு ஃபைல். கிடைச்ச காசெட்டையே மூலமா வெச்சுக்கிட்டு அட்டையில் 'மாஸ்டர்'னு போட்டாலும் யாரும் கேட்கப்போறதில்லை. பெரியவர் வாங்கின சிடியின் அட்டையில் நடராஜர் படம் இருக்கு, தேசிகர் படம் இருக்கு. எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, எந்த வேகத்தில், யார் எடுத்தாங்கன்னு ஒரு வரி இல்லை. என் முதல் புகார் அதுதான், ஒலி பற்றிய புகார்கூட அதுக்கப்புறம்தான். அந்த ஒரு வரி இருந்திருந்தால், தப்பா ஓடுற பாட்டை இன்னிக்கு யார் வேணா திருத்திக்கலாம்.

அன்னிக்கு எடுத்ததில் படபடன்னு வெடிக்கிற சத்தங்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாக நீக்கி, 'ஸ்ஸ்'ஸை அப்படியே விட்டு, ஒரு சிடி எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை கேட்டப்ப, "இரைச்சல் இருக்கே தம்பி"ன்னார். இரண்டாம் தடவை ஒண்ணும் சொல்லலை. மேசை டிராயரிலிருந்து பேனா எடுத்து, உறையின் பின்பக்கம் தட்டின் நம்பரையும், கீழே ஊசியின் அளவையும், அதுக்கும் கீழே 77.92-ஐயும் எழுதிக்கிட்டார்.