'சாதனை' என்னும் சொல்லும் தோட்டப்புற விளையாட்டுச் செய்தியும்

மலேசியத் தமிழ் நாளேடுகளின் பள்ளி விளையாட்டுச் செய்திகளில் மிகுதியாகப் பயின்றுவருவது 'சாதனை' என்னும் சொல். மலாயில் 'ரெக்கோட்' வேறு, 'பென்சாபாயான்' வேறு. தமிழிலோ அளந்து பதிந்த எல்லையையும் பாராட்டத்தக்க செயலையும் இவ்வொரு சொல்லே சுமக்கின்றது. இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. லிங்கி போன்ற தோட்டப்புறத்து மாணவர் ஒருவர் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் வென்றால் சிறப்பு வருகையாளர், கோப்பை வழங்கிய புரவலர், தலைமையாசிரியர் ஆகியோர் பெயர்கள் முறையே இடம்பெறும்; ஓடிய விநாடி இடம்பெறுதல் அரிது. முந்தைய எல்லை யாருடையது என்னும் வினாவும் எழுவதில்லை.

எண் நிலைத்தால் பெயரும் நிலைக்கும் என்பதற்கு மணி ஜெகதீசன் சான்று. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தூரத்தை அவர் 20.92 விநாடியில் ஓடினார். 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடும்வரை, 49 ஆண்டுகள், நாட்டின் விரைவோட்டக்காரர்கள் அவ்வெண்ணோடுதான் ஒப்பிடப்பட்டனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த பின், பள்ளிக் குறிப்பேடுகளுக்கு மாற்றாக எஞ்சுவன நாளேடுகளே. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. இத்தகைய பழைய இதழ்களைப் புரட்டும் ஆய்வாளருக்கு வென்றவர் பெயர் கிட்டலாம். அவரது வேகம் கிட்டுவது அருமை. இடப்பற்றாக்குறை என்னும் விடை பொருந்தாது. பிரமுகருக்கு மாலை அணிவித்த வருணனையைவிட '12.4 விநாடி' என்பது குறைந்த இடத்தையே கொள்ளும்.