ஆபிரகாம் பண்டிதரும் அந்த இரண்டு அலகும்

ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புகழ வேண்டிய ஆள்தான். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் வாத்தியாராகி, பிறகு சித்த வைத்தியரானவர். வைத்தியத்தில் சம்பாதித்ததை இசை மாநாடுகளில் கொட்டினார். தமிழிசை இயக்கம் 1940-களில் சூடுபிடிக்க வெகு முன்பே தமிழில் கீதம், சுரசாதி, கீர்த்தனை எழுதினார். 1916-ல் பரோடா மாநாட்டில் மகள்களைப் பாடவைத்துத் தன் கொள்கையை விளக்கினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வந்தது. இரண்டு வருஷத்தில் காலமானார்.

ஆனால் அவருடைய மையக் கொள்கையான 24 சுருதியை யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கிறார்களா? நான் பார்த்தேன்.

சிலப்பதிகார உரைமரபு தரும் அலகுகள்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. கைக்கிளையும் விளரியும் உண்மையில் நான்குதான், பாடும்போது ஒவ்வொன்று குறைத்தார்கள் என்கிறார் பண்டிதர். ஆக 24, எல்லாம் சம அளவு. ஏன் இந்தப் பிடிவாதம்? ச-ப முறையில் பன்னிரண்டு முறை நகர்ந்தால் வட்டப்பாலை மூடவேண்டும். சுத்தமான பஞ்சமத்தில் (3/2) அது மூடாது. ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று வைத்தால் சுமார் 23 சென்ட் தாண்டிப்போகும். சமமாக வெட்டினால் மூடும்.

22-ஐச் சமமாக வெட்டினால் பஞ்சமம் 709 சென்ட், கேட்கவே முடியாது. அதுவரை பண்டிதர் பக்கம்தான் நியாயம். ஆனால் அவருடைய 24-ஐப் பாதியாக்கிப் பாருங்கள்: 2 2 2 1 2 2 1. அப்படியே ஆர்மோனியக் கட்டை! காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் தானாக ஒலிக்கிற காந்தாரமோ (5/4) 386.

இப்போது அலகுகளைச் சமமில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கலகு 9/8, மூன்றலகு 10/9, இரண்டலகு 16/15. ஏழையும் பெருக்கினால் சரியாக 2, அதாவது மேல் ஸ்தாயி ச. 9/8-ஐயும் 10/9-ஐயும் பெருக்கினால் அந்த 5/4. பழையவர்கள் இந்தப் பின்னங்களை எழுதிவைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பண்டிதர் குறை என்று நிரப்பிய அந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று பலர் கொள்கிறார்கள். இந்த உப்பளக் கரையில் சீறியாழோடு வந்த பாணன் காதை வைத்துத்தான் நரம்பைக் கூட்டியிருப்பான். இரண்டு நரம்பு ஒட்டி ஒலிக்கிற இடம் காதுக்குத் தெரியும். ஸ்தாயியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு தெரியாது, அதற்கு மடக்கை வேண்டும்.

விபுலானந்தரின் 'யாழ் நூல்' 1947-ல் வந்தது. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும்தான் அவரும் எடுத்துக்கொண்டார். 22-லேயே நின்றார். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பண்டிதர் தன் கணக்கு அத்தனையையும் அச்சிட்டு வைத்திருப்பதால் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.