காணும்படி வாழ்தலும் கவலையும்: ஹைட்டின் நூலைக் குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஜானத்தன் ஹைட் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' என்னும் நூல், குருமார் கூட்டங்களிலும் வாலிபர் முகாம்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவதைக் கேட்கிறோம். 'கவலையுற்ற தலைமுறை' என்று அதன் தலைப்பைத் தமிழில் வழங்கலாம். நூலை வாசித்தோர் சிலர். அதன் முடிவை எடுத்துரைப்போர் பலர். பிரசங்க பீடத்திற்கு ஏறிவிட்ட நூலை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது இறையியல் கல்விக்கூடத்தின் கடமையாகும்.

நூலின் வாதம் எளியது. விளையாட்டை அடிப்படையாகக் கொண்டிருந்த குழந்தைப்பருவம், 2010க்கும் 2015க்கும் இடையே கைப்பேசியை அடிப்படையாகக் கொண்டதாக மாறிவிட்டது என்கிறார் ஹைட். ஐபோன் 2007இலும், ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தான் 2009இலும், இன்ஸ்டாகிராம் 2010இலும் வந்தன. இவற்றைத் தொடர்ந்து, அமெரிக்க வளரிளம் பருவத்தினரிடையே கடும் மனச்சோர்வு ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று என்று அவர் காட்டுகிறார். தோழமை இழப்பு, உறக்கக் குறைவு, கவனச் சிதறல், அடிமைத்தனம் ஆகியவற்றை அடிப்படைத் தீங்குகளாக எண்ணுகிறார். உயர்நிலைப் பள்ளிக்கு முன் கைப்பேசி கூடாது, 16 வயதுக்கு முன் சமூக ஊடகம் கூடாது, பள்ளி நேரத்தில் கைப்பேசி அறவே கூடாது, பிள்ளைகள் பெரியோரின் கண்காணிப்பின்றி விளையாட வேண்டும் என்பன அவர் கூறும் பரிகாரங்கள். ஆஸ்திரேலியா 2024இல் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டமும் அதே 16 வயதையே எல்லையாகக் கொண்டுள்ளது.

இவ்வாதம் மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. வளர்ச்சி உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் 'நேச்சர்' இதழில் அதே ஆண்டு எழுதிய மதிப்புரையில், முன்னரே மனவேதனையில் உள்ள இளைஞரே இவ்வூடகங்களை மிகுதியாக நாடுகின்றனராதலால், எது காரணம், எது விளைவு என்பது துணியப்படவில்லை என்று சுட்டினார். அதற்கு முன் 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி ஆகிய இருவரும் 3,55,358 இளைஞரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, மனநலத்தில் காணும் வேறுபாட்டில் மிகுதியாகப் போனால் 0.4 விழுக்காடே மின்னணுக் கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புடையது என்றனர். உருளைக்கிழங்கு உண்பதற்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு காணப்பட்டதாம்! தொலைக்காட்சியையும் கணினியையும் சமூக ஊடகத்தையும் ஒரே கூடையில் இட்டு நிறுத்தால் எடை இப்படித்தான் காட்டும் என்பது ஹைட் தரப்பின் விடை. அவ்விடையில் நியாயம் உண்டு. எனினும், 'அறிவியல் நிறுவிவிட்டது' என்று பிரசங்க பீடத்தில் முழங்குவோர் சற்று அடக்கத்தோடு பேசுவது நன்று.

நம் கருத்தில், வாதத்தைத் தெளிவிக்கும் ஆய்வு வேறொன்று. ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கிக் கல்லூரி கல்லூரியாகப் பரவியது. அது வந்துசேர்ந்த கல்லூரிகளையும் இன்னும் வராத கல்லூரிகளையும் ஒப்பிட்டு, பிராகியேரி முதலிய மூவர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஃபேஸ்புக் வந்தபின் மாணவரின் மனநலம், சிறப்பாக மனச்சோர்வின் அளவில், மோசமடைந்தது என்றும், தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வாக எண்ணியதே அதற்கு முதன்மையான வழி என்றும் கண்டனர். காலத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது ஐபோன் இல்லை. 'லைக்' பொத்தான் இல்லை. இருந்தவை ஒரு கணினி, ஒரு புகைப்படம், பார்ப்பவர் சிலர். அம்மாணவரோ 16 வயதைக் கடந்தவர். ஆகவே, இக்கருவி தீயது, இவ்வயது ஆபத்தானது என்று ஹைட் வரையும் எல்லைக்கு வெளியே நோயின் வேர் ஓடுகிறது. பார்வையாளர் முன் வாழ்வதே அவ்வேர் என்று நாம் கருதுகிறோம். கருவி அப்பார்வையாளரை நம் சட்டைப் பையில் கொண்டுவந்து வைத்தது.

இதனைத் திருமறை அறியாததன்று. மத்தேயு 6ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாக இரண்டாகப் பிளந்து பிரசங்கிக்கிறோம். தர்மம், ஜெபம், உபவாசம் பற்றிய முற்பகுதியைச் சாம்பல் புதனன்று வாசிக்கிறோம். கவலை பற்றிய பிற்பகுதியை அறுப்பின் பண்டிகையிலோ நோயாளியின் படுக்கையருகிலோ வாசிக்கிறோம். நற்செய்தியாளரோ இரண்டையும் ஒன்றாகவே வைத்துள்ளார். மனிதர் காணும்படி செய்தல் என்பதற்கு அவர் ஆளும் 'தெயாத்தேனாய்' என்னும் கிரேக்கச் சொல்லும், நாடக அரங்கைக் குறிக்கும் 'தெயாத்ரோன்' என்னும் சொல்லும் ஒரே வேரின. மாயக்காரர் என்று நாம் மொழிபெயர்ப்பது மேடை நடிகனைக் குறித்த சொல். அவர்கள் தம் பலனை அடைந்து தீர்ந்தது என்னுமிடத்தில் வரும் 'அப்பெகோ' என்னும் வினை, முழுத்தொகையும் பெற்றாயிற்று எனப் பற்றுச்சீட்டில் எழுதும் வணிகச் சொல் என்பதைப் பாப்பிரஸ் ஏடுகள் காட்டின. பெற்றாயிற்று, இனி வரவேண்டிய பாக்கி ஒன்றுமில்லை. ஆகவே, நாளை மீண்டும் மேடையேற வேண்டும்; அங்கே கவலை பிறக்கிறது.

பிற்பகுதி உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாதாரை நோக்கிப் பேசுகிறது என்பதை மறைக்கலாகாது. வறியோரின் கவலையை நடுத்தர வகுப்பாரின் மனவாட்டமாக்கிவிடும் பிரசங்கங்கள் போதுமான அளவு உள்ளன. ஆயினும், அங்கே உடையைப் பற்றிய பேச்சில் சாலமோனின் மகிமை ஏன் வருகிறது? குளிருக்குப் போர்வை தேடுபவனுக்குச் சாலமோன் எதற்கு? ஒப்பீடு அங்கேயும் நுழைந்திருக்கிறது.

பால் டில்லிக் 1952இல் வெளிவந்த 'தி கரேஜ் டு பி' என்னும் நூலில் கவலையை மூவகைப்படுத்தினார்: விதியும் சாவும் பற்றியது, வெறுமையும் பொருளின்மையும் பற்றியது, குற்றமும் ஆக்கினைத்தீர்ப்பும் பற்றியது. இறுதியாகச் சொன்னது சீர்திருத்தக் காலத்தை ஆட்கொண்டது என்றும், வெறுமையே நவீன காலத்துக்கு உரியது என்றும் அவர் கண்டார். இப்பகுப்பை நம் மாணவர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். இப்போது அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. ஆக்கினைத்தீர்ப்பு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் நீதிபதி இல்லை. லூத்தர் கடவுளுக்கு முன் நடுங்கினார். அக்கடவுளிடமே மன்னிப்பையும் கண்டார். எண்ணிக்கைக்கு முன் நடுங்கும் இளைஞன் யாரிடம் மேல்முறையீடு செய்வான்? நீதிமானாக்கப்படுதல் பற்றிய போதனை வாலிபருக்கு விளங்காது என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். அது விளங்கக்கூடிய வாலிபர் இவர்களே.

டில்லிக் சொன்ன மற்றொன்றை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். மனித இருப்புக்கே உரிய கவலை வேறு, நோயாகிய கவலை வேறு. பின்னது மருத்துவரின் துறையைச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் அருளுரைகளைக் காணொளியாக வெளியிட்டு வந்தார். ஞாயிறு இரவெல்லாம் பார்த்தோர் எண்ணிக்கையை நோக்கியபடி விழித்திருப்பார். உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று நம்மிடம் வந்தார். கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு ஜெபியுங்கள், தம்பி என்றோம். ஒப்படைத்தார், படபடப்பு நீங்கவில்லை. மூன்று மாதங்கள் கழித்து அவருடைய தமையனார் வந்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அந்த மூன்று மாதங்களுக்கு நாமே பொறுப்பு.

இந்த அனுபவத்தோடுதான் ஹைட்டின் எட்டாம் அதிகாரத்தை வாசித்தோம். ஆவிக்குரிய உயர்வையும் தாழ்வையும் பற்றிய அதிகாரம் அது. தாம் கடவுளை நம்பாதவர் என்று ஒளிவின்றிக் கூறும் ஆசிரியர், கூடி வழிபடுதல், மௌனம், கோபத்தில் தாமதம், மன்னிப்பில் விரைவு ஆகிய பழக்கங்களைப் பரிந்துரைக்கிறார். நாத்திகப் பேராசிரியரே நம்மை ஒப்புக்கொண்டார் என்று மகிழ்வோரைக் கண்டோம். நாம் அவ்வளவு மகிழவில்லை. அவர் காட்டும் ஓய்வுநாள் உடல்நலத்திற்கு உகந்த ஒரு பழக்கம். மத்தேயு காட்டும் அறைவீடோ அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா இருக்குமிடம். யாரும் பாராத தனிமை மட்டுமே மருந்தானால், கைப்பேசியை இழந்த நம் மாணவர் குணமடைந்திருக்க வேண்டும். மனநலத்துக்காகச் செய்யப்படும் ஜெபமும் விரைவில் தன்னையே அளந்து பார்க்கத் தொடங்கும். எனினும், இளைஞரின் ஆத்துமாவைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதிய நூல்கள் நம் தரப்பில் அண்மையில் எத்தனை வந்தன என்று எண்ணும்போது, குறைகூறும் வாய் சற்று அடங்குகிறது.

பரிகாரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஹைட் ஒரு கையால் கைப்பேசியை வாங்கிக்கொண்டு மறு கையால் விடுதலையைக் கொடுக்கிறார். பிள்ளைகள் தெருவில் தனியே செல்லட்டும், விழுந்து எழட்டும் என்கிறார். நம் இல்லங்கள் முதற்பாதியை மட்டும் ஆவலோடு ஏற்கும். அதிலும் பெண் பிள்ளையின் கைப்பேசி பறிக்கப்படும். ஆண் பிள்ளையினது அவனிடமே இருக்கும். ஏற்கெனவே வாசற்படி தாண்ட அனுமதியில்லாத பெண்ணுக்குத் தோழியோடு பேச எஞ்சிய ஒரே வழியையும் அடைத்துவிட்டு, அதற்கு இந்நூலை ஆதாரமாகக் காட்டுவது நூலுக்கும் அநீதி, அவளுக்கும் அநீதி. பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துரைக்க ஆயர் துணிய வேண்டும்.

திருச்சபையின் நிலையையும் கூறாமல் விடுவதற்கில்லை. 2020இல் கொள்ளைநோயின்போது ஆலயங்கள் அடைக்கப்பட, ஆராதனையை ஒளிபரப்பத் தொடங்கினோம். அது நோயுற்றோருக்கும் முதியோருக்கும் இன்றும் உதவுகிறது. ஆனால் இப்போது குருமார் சந்திக்கும்போது முதலில் விசாரிப்பது எது என்பதை வாசகரே அறிவர்.

அம்மாணவர் இன்று ஒரு கிராமச் சேகரத்தில் பணியாற்றுகிறார். சிலகாலம் மருந்து உட்கொண்டு, மருத்துவர் சொற்படி நிறுத்தினார். அருளுரைகள் இன்னும் வெளியாகின்றன. அப்பொறுப்பைச் சபை வாலிபர் ஒருவரிடம் விட்டு, எண்ணிக்கையைத் தமக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் கேட்டுவிடலாமா என்று தோன்றுகிறது ஐயா என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.