எழுதுகோலின் உருவமும் உள்ளடக்கமும்

கலைப்படைப்பு எதுவாயினும் அதன் உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும் என்பது திறனாய்வாளர் பலரும் உடன்படும் கருத்தாகும். கவிதையையும் கதையையும் அளக்கும் இக்கோல், அவற்றை எழுத உதவும் கருவியை அளக்கவும் பயன்படும். பழைய பாணியில் கையாற் கடைந்து செய்யப்படும் பெரிய மையூற்றுப் பேனாவை அவ்வாறு அளந்து நோக்குவது நன்று.

பெரிய பேனா இன்று தோன்றிய புதுமையன்று. அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் 1921இல் வெளியிட்ட செந்நிற டியூஃபோல்டு, அளவாலேயே புகழ் பெற்றது. தமிழகத்தில் திருவள்ளூரைச் சேர்ந்த ரங்கா பேனா நிறுவனத்தார், விரும்புவோர் வேண்டும் அளவிலும் வண்ணத்திலும் எபோனைட் பேனாக்களைச் செய்து தருகின்றனர். எபோனைட் கோலை அறுத்து, கடைசல் பொறியில் ஏற்றி உருட்டி, உள்ளே துளையிட்டு, மூடிக்கும் கழுத்துக்கும் மரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவது இத்தொழிலின் முறை. மரை ஒரு மயிரிழை தளர்ந்தாலும் மை கசியும். ஆகவே, கையின் பழக்கமே இங்கு அளவுகோல்.

இனி இதன் குறைகளையும் மறைத்தல் தகாது. உடலிலேயே நேராக மையை நிரப்பும் பேனாவில், மை குறையக் குறைய உள்ளே காற்று மிகும். கையின் வெப்பத்தால் அக்காற்று விரிந்து மையைத் தள்ள, தாளில் கறை விழும். உடல் பெரிதாகும்போது காற்றின் இடமும் பெரிதாகின்றது. எபோனைட் வெப்பத்தை எளிதிற் கடத்தாது; எனினும் குறையை அது தணிக்குமேயன்றி நீக்காது. ஜார்ஜ்டவுனில் குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன், பாதி மையுள்ள பேனாவைத் திறந்து எழுதுபவர் இதனை உணர்வர். பருத்த உடலுக்குச் சிறிய நிப்பைப் பொருத்துவது மற்றொரு குறை. சிறு கருத்தைப் பெருங்காப்பியமாக நீட்டிய புலவனின் பிழை அது. ஈரடியில் நிறைவு கண்ட திருக்குறளைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நிப்பும், அதன் அடியில் மையைக் கொணரும் கட்டையும், உடலின் எடையும் இசைந்து நின்றால் மட்டுமே பெருமை பொருளுடையதாகும்.

ஆயின், இப்பேனாவின் உண்மையான உள்ளடக்கம் மை மட்டுந்தானா? எபோனைட் என்பது இரப்பருடன் மிகுதியான கந்தகத்தைக் கலந்து, நெடுநேரம் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள். இரப்பர் எனும் சொல்லைப் பினாங்குத் தமிழர் வெறும் பொருட்பெயராகக் கேட்டல் இயலாது. 1926இல் கடலில் இறங்கிய ரஜூலா முதலிய கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தோர் பலர் இத்துறைமுகத்திற் காலூன்றித் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்கள் விடியுமுன் எழுந்து சீவிய மரங்களின் பால், இதே துறைமுகத்தின் வழியாகவும் மேலைநாடுகளுக்குப் போயிற்று. பால் எடுத்தோருள் மிகப் பலர் எழுதுகோல் பிடித்தறியாதவர். கைந்நாட்டு இட்டே கூலி பெற்றவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. அதன் பின்னரே அவர்தம் பிள்ளைகளுள் பலர் கையில் எழுத்து வந்தது.

இவ்வரலாற்றை அறிந்தோர்க்கு, திருவள்ளூரிற் கடையப்பட்ட பெரிய பேனா வெறும் ஆடம்பரப் பொருளாகத் தோன்றாது. எந்நாட்டுத் தோட்டத்து இரப்பராயினும், அது உழைப்பின் உறைந்த வடிவம். அதனைக் கையில் எடுக்கும் ஆசிரியரும் மாணவரும் அதன் அளவை வியப்பதோடு நில்லாது, எழுத்தறியாதார் தந்த பொருளால் தாம் எழுதுவது என்ன என்றும் எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணம் எழுத்தில் இறங்குமாயின், அப்பேனாவின் உருவத்திற்கு ஏற்ற உள்ளடக்கம் வாய்த்தது எனலாம்.