ஜெரோமின் டாக்டரும் கூகுளின் ஜீவிய சந்தாவும்

நெஞ்சு லேசாகப் பிடித்தாலே கூகுளைத் திறப்பவர்களைக் கேலி செய்ய ஜெரோம் கே. ஜெரோமைத் துணைக்கு அழைப்பது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். 1889இல் வந்த ‘த்ரீ மென் இன் எ போட்’ நாவலின் தொடக்கத்தில், கதைசொல்லி பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மருத்துவ நூலைப் புரட்டுகிறான். அகரவரிசைப்படி எல்லா வியாதியும் தனக்கு இருக்கிறது. வேலைக்காரிகளுக்கு வரும் முழங்கால் வீக்கம் ஒன்றுதான் பாக்கி. அது மட்டும் ஏன் இல்லை என்று வருத்தம் வேறு!

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த பக்கத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவன் போய்ப் பார்க்கும் டாக்டர் பழைய சிநேகிதர். அவன் சொல்வதை முழுக்கக் கேட்கிறார், மணிக்கட்டைப் பிடிக்கிறார், மார்பில் தட்டுகிறார். அப்புறம்தான் சீட்டு எழுதுகிறார்: இறைச்சி, பீர், தினமும் பத்து மைல் நடை, நேரத்துக்குத் தூக்கம், புரியாததை மண்டையில் ஏற்றாதே. கேட்க ஓர் ஆள் இருந்ததால்தான் அது நகைச்சுவை ஆயிற்று.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அந்தச் சிநேகிதரை எங்கே தேடுவது? இந்தியாவில் டாக்டர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் சுமார் 2 நிமிடம் என்கிறது, 2017இல் ‘பிஎம்ஜே ஓபன்’ இதழில் வந்த ஆய்வு. அதிலும் ஒரு நிமிடம், “கூகுள்ல பாத்துட்டு வந்தீங்களா?” “ஐயோ, இல்ல சார்” என்பதிலேயே போய்விடும். பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம். காசநோய் மருத்துவமனையே ரயில் நிலையத்துக்குப் பேராகிவிட்ட இடம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்கச் சொல்வது அரசாங்கம்தான். இங்கே ராத்திரி ரெண்டு மணிக்கு இருமிக்கொண்டே போனைத் தடவுகிறவனை மனப்பிராந்திக்காரன் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் ரையன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி என்று தேடியவருக்குக் காபி நிறுத்தியதால் வரும் வலியும் மூளைக் கட்டியும் ஏறக்குறைய சரிசமமாகவே வந்து நின்றன. இதைப் புரிந்துகொள்ள ஜெரோமைவிடப் புதுமைப்பித்தன்தான் உதவுவார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பிள்ளைவாள் வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கடவுளிடமே ஜீவிய சந்தா கேட்கிறார். அது யாருடைய ஜீவியம் என்று கடவுளுக்குச் சந்தேகம் வருகிறது. கடவுளுக்குக் கேட்கத் தோன்றியது நமக்குத் தோன்றுவதில்லை. இருமலுக்கு விடை தேடி முடிப்பதற்குள், ‘மற்றவர்கள் கேட்டவை’ என்று கீழே இன்னும் நான்கு கேள்விகள் விரிந்துவிடுகின்றன.