எதையும் கட்டாத முடிச்சு

கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்க வீடுகளின் வாசல் கதவில் தொங்கும் பசுந்தழை வளையத்தில் சிவப்பு ரிப்பன் முடிச்சு ஒன்று இருக்கும். அது எதையும் கட்டுவதில்லை. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரட்டைச் சடையில் இருக்கிற ரிப்பன் பூவாவது சடையைப் பிடித்து நிறுத்துகிறது; இதற்கு அந்த வேலையும் கிடையாது. தழையை வளையத்தோடு கட்டுவது கம்பி. ரிப்பனைத் தழையோடு கட்டுவதும் கம்பி. முடிச்சு இங்கே முடிச்சு என்பதன் குறி மட்டுமே.

செய்முறை எளிது. இரண்டு ஓரத்திலும் மெல்லிய கம்பி ஓடுகிற, இரண்டரை அங்குல அகல ரிப்பனை எடு. கட்டைவிரலைச் சுற்றிச் சின்னதாக ஒரு வளையம் போடு. பிறகு இடமும் வலமுமாக மாறி மாறி மடி; ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஒருதரம் திருகு, ரிப்பனின் பளபளப்பான பக்கம் வெளியே தெரியட்டும். நடுவை இறுக்கிப் பிடித்து, சின்ன வளையத்துக்குள் கம்பியை விட்டுப் பின்னால் முறுக்கு. நுனிகளை மீன்வால் போல வெட்டு. அவ்வளவுதான். சின்ன வளையம் கம்பியை மறைத்துக்கொள்ளும். கம்பி வெளியே தெரிந்தால் வேலை மட்டம் என்று அர்த்தம்.

இந்தச் செய்முறைக் குறிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். எடு, மடி, திருகு, வெட்டு: எல்லாம் ஏவல் வினை. ஏவலில் எழுவாய் வெளியே தெரிய வேண்டியதில்லை, தோன்றா எழுவாயாக நிற்கும் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். யார் மடிக்கிறாள், எத்தனை மணிக்கு, யாருக்காக, என்ன கூலிக்கு என்ற கேள்விகளுக்கு இந்த வாக்கியங்களில் இடமே இல்லை. ரிப்பன் கம்பியை மறைக்கிற மாதிரி வாக்கியம் ஆளை மறைக்கிறது.

இதற்கு நேர் எதிரான எழுத்து வகை ஒன்று உண்டு. அதுவும் வீட்டுக்குள் நடக்கிற அலங்கார வேலையைப் பற்றியதுதான். லூயிஸ் ஹைன் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த புகைப்படங்களுக்கு எழுதிய படக்குறிப்புகளைச் சொல்கிறேன். நியூயார்க்கின் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளில் ஏழைக் குடும்பங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செயற்கைப் பூக்களும் பூ வளையங்களும் செய்துகொண்டிருக்கின்றன. பூக்கள் பெரும்பாலும் சீமாட்டிகளின் தொப்பிக்குப் போகிறவை. படக்குறிப்பில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும். வயது, வேலை நேரம், கூலி எல்லாம் இருக்கும். ஒரு படத்தில் இதழ்களுக்கு நடுவே மையத்தைப் பொருத்துகிறது மூன்று வயதுக் குழந்தை. சில நாள் ராத்திரி எட்டு மணிவரை. இன்னொன்றில் குடும்பம் முழுக்கச் சேர்ந்து ஒரு நாளைக்குச் சம்பாதிப்பது 40 முதல் 50 சென்ட். 1913-ல் மேரி வான் கிளீக் இந்தத் தொழிலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஹைனையும் சும்மா விட்டுவிட முடியாது. அவருடைய குறிப்புகளில் எழுவாய் உண்டு, ஆனால் அவள் பேசுவது குறைவு. அன்றைய சீர்திருத்தச் சொல்லாடலில் குழந்தைமேல் இருந்த இரக்கத்தோடு, இந்த அழுக்கு வீடுகளிலிருந்து நோய் தங்கள் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற வாங்குபவர்களின் பயமும் கலந்திருந்தது. வேலையைத் தடுத்தால் போதுமா, அந்த 40 சென்டுக்கு மாற்று என்ன என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

1940-களின் தொடக்கத்தில் கூலிக்கு வீட்டில் செய்யும் வேலையை அமெரிக்க அரசு ஏழு தொழில்களில் தடை செய்தது. கையுறை, பொத்தான், கைக்குட்டை, பூத்தையல், நகை, பின்னல் மேலாடை, பெண்கள் உடை ஆகியவை அவை. ரீகன் ஆட்சி 1984-ல் பின்னல் மேலாடைக்கும் 1988 நவம்பரில் பெண்கள் உடை தவிர்த்த மற்ற ஐந்துக்கும் தடையை நீக்கியது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீட்டில் சம்பாதிக்கும் 'சுதந்திரம்' என்பது சொல்லப்பட்ட நியாயம். 1990-ல் மார்த்தா ஸ்டீவர்ட்டின் வீட்டலங்காரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது (2022-ல் அதன் அச்சு நின்றது). ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே கருத்தியல் வீட்டில் குடியிருப்பவை. அந்த வீட்டில் பெண்ணின் கை ஓய்வது கிடையாது. அது உழைப்பு என்று கணக்கில் ஏறுவதும் கிடையாது.

அப்படியானால் ஆசையாய் உட்கார்ந்து ரிப்பன் மடிக்கிறவள் ஏமாளியா? இல்லை. கையில் ஒரு பொருள் உருவாகிற சந்தோஷம் நிஜம். அதைக் கேலி செய்கிற முற்போக்கு நமக்கு வேண்டாம். அதே கையசைவு ஒருத்திக்குப் பொழுதாகவும் இன்னொருத்திக்குத் துண்டுக் கணக்குக் கூலியாகவும் பிரிகிற இடம்தான் விமர்சனத்தின் வேலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரசனை வித்தியாசம் அல்ல, வர்க்கம்.

வீட்டு உழைப்பாளிகளை மற்ற தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்தக் கோரும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-ல் வந்தது. அகமதாபாத்தின் சேவா அமைப்பு அதற்காக நெடுநாள் பாடுபட்டது. அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தரவில்லை. சேவா பிறந்த இந்தியாவும் தரவில்லை. சட்டத்திலும் அவள் தோன்றா எழுவாயாகத்தான் இருக்கிறாள். கைவேலையின் அழகைப் பற்றி எழுத உட்காருகிற நாம் முதல் வாக்கியத்திலேயே எழுவாயைப் போட்டு எழுதலாம்: யார், எத்தனை மணிவரை, என்ன கூலிக்கு. அழகைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.