'கோல்டு ரஷ்' திரைப்படத்தில் நகையும் மடனும்

நகைச்சுவை விரைவில் மூப்பெய்தும் இயல்பினது. ஒரு தலைமுறையினர் வயிறு குலுங்கச் சிரித்த காட்சியை அடுத்த தலைமுறையினர் முகஞ் சுளியாது காண்டல் அரிது. பேசாப்படக் காலத்து நகைப்படங்களுள் மிகப் பல இவ்வாறே மறைந்தன. ஆயின், சார்லி சாப்ளின் தாமே எழுதி, இயக்கி, தலைமைப் பாத்திரமும் ஏற்று 1925 ஆம் ஆண்டு வெளியிட்ட 'கோல்டு ரஷ்' நூறாண்டு கடந்தும் அவையை நகுவிக்கின்றது. 1958 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் திரைக்கலை வரலாற்றறிஞர்களின் கருத்தறிந்து தொகுத்த வரிசையிலும் அஃது இரண்டாம் இடம் பெற்றது. சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே கலந்தமையே இதன் சிறப்பிற்குக் காரணம் என்பர் பலர். அவ்விடை நமக்கு நிறைவு தருவதாயில்லை. அவ்விரண்டும் கலந்த படங்கள் வேறு எத்தனையோ உள, அவை நின்றில.

படத்தின் கரு நகைக்கு உரியதே அன்று. 1896 இல் கனடா நாட்டுக் கிளாண்டைக் பகுதியில் பொன் காணப்பட்டபின், சில்கூட் கணவாயில் எறும்புச் சாரை போல மாந்தர் பனிமலை ஏறிய காட்சியைக் காட்டும் நிழற்படங்கள் சாப்ளின் உள்ளத்தைத் தொட்டன. 1846–47 பனிக்காலத்தில் சியரா நெவாடா மலையிற் சிக்கிய டானர் குழுவினர், பசி தாளாது தோலையும், பின்னர் இறந்தோர் ஊனையும் உண்ட செய்தியையும் அவர் படித்திருந்தார். இவ்விரண்டுமே படத்திற்கு வித்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வறுமையை அழுகைக்கு நிலைக்களனாக வைத்தது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறிற்று. அழுகைக்குரிய களத்தில் நகை தோன்றியது எங்ஙனம் என்பதே வினா.

காலணி உண்ணும் காட்சியை நோக்குவோம். பனிப்புயலில் அகப்பட்ட குடிலில் நாடோடியும் அவன் தோழன் பெரிய ஜிம்மும் பசியால் வாடுகின்றனர். அன்று நன்றியறிதல் திருநாள். நாடோடி தன் காலணி ஒன்றினை வேகவைக்கின்றான். முள்ளாற் குத்திப் பதம் பார்க்கின்றான். தட்டில் இட்டு, வெந்த சாற்றை அதன்மேற் பெய்கின்றான். மேற்றோலையும் அடித்தோலையும் தேர்ந்த பரிசாரகன் போலப் பிரிக்கின்றான். மேற்றோல் ஜிம்முக்குப் போக, ஆணி நிறைந்த அடித்தோல் இவனுக்கு எஞ்சுகின்றது. ஆணிகளை எலும்பெனச் சுவைத்து உறிஞ்சுகின்றான். காலணிக் கயிற்றை மாவிழை உணவு போல முள்ளிற் சுற்றி உண்கின்றான். (அக்காலணி அதிமதுர இனிப்பினால் ஆயது என்ப.)

இங்கு நம்மை நகுவிப்பது பசி அன்று. பசித்தவனை எள்ளி நகுதலும் அன்று. எள்ளுவதற்கு அவன் யாதொரு தாழ்வும் செய்திலன். பேதைமை எனலும் பொருந்தாது. தான் உண்பது தோல் என்பதனை அவன் நன்கு அறிவான். பிறர் உணர்த்த ஏற்றதனைப் பின் எந்நிலையினும் கைவிடாமையே மடன் என்பது உரையாசிரியர் கருத்து. நாடோடி எங்கோ ஒருகாற் கற்ற விருந்து முறையைச் சாவின் வாயிலிலும் விடுகின்றானில்லை. எள்ளல் காலத்திற்கேற்ப மாறும். யாரை எள்ளலாம் என்பதனை ஒவ்வொரு காலமும் தனக்கென வகுத்துக்கொள்ளும். கற்ற ஒழுங்கினைப் பற்றிக்கொண்டு வாழும் மடனோ எக்காலத்தார்க்கும் உரியது.

உண்ட காலணியைப் பின்னர் ஆசிரியர் மறந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. அதன்பின் நாடோடி ஒரு காலிற் கந்தல் சுற்றியே நடக்கின்றான். ஆடல் மன்றத்தில் ஜார்ஜியாவுடன் ஆடுங்காலும் அக்கந்தலுடனேயே ஆடுகின்றான்.

இரு முட்களிற் குத்திய சிறு ரொட்டிகளைக் கால்களாக்கி ஆடுவிக்கும் புகழ்பெற்ற காட்சி சாப்ளினது புதுப் படைப்பன்று. ராஸ்கோ ஆர்பக்கிள் 1917 இலேயே 'ரஃப் ஹவுஸ்' என்னும் படத்தில் அதனைச் செய்துள்ளார். அங்கு அது வெறும் வேடிக்கை. இங்கோ, புத்தாண்டிற்கு முந்தைய இரவில் மேசை அணிசெய்து காத்திருப்பவன், வாராத விருந்தினர்க்குக் கனவில் ஆடிக் காட்டும் ஆடல் அது.

இனி, பாட வேறுபாடு குறித்துச் சில கூறல் வேண்டும். 1942 இல் சாப்ளின் இப்படத்தைச் சுருக்கி, எழுத்துரைகளை நீக்கி, தம் குரலாலேயே கதை சொல்லி, இசையும் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். நூலாசிரியர் தாமே உரையாசிரியரான நிலை இது. நாடோடியைச் 'சிறிய மனிதன்' எனச் சுட்டி, அவன் நினைப்பதை அவர் நமக்கு உரைக்கின்றார். மெய்ப்பாட்டாற் புலனாவதனை மொழியால் மீண்டும் கூறுதல் கூறியது கூறலேயாம்.

இதனினும் பெரிய வேறுபாடு ஜார்ஜியாவின் மடல் பற்றியது. 1925 படத்தில் அவள் மன்னிப்பு வேண்டி எழுதுவது தன் காதலன் ஜாக்குக்கு. அவன் அதனைக் குறும்பாக நாடோடியிடம் சேர்ப்பிக்கின்றான். தனக்கு எழுதப்படாத மடலைத் தன்னதெனக் கொண்டு இவன் களிகூர்ந்து அவளைத் தேடி ஓடுகின்றான். 1942 படத்தில் அம்மடல் நாடோடிக்கே எழுதப்பட்டதாக மாற்றப்பட்டுள்ளது. இத்திருத்தத்தால் ஜார்ஜியாவின் பண்பு உயர்ந்தது என்பது மெய்யே. ஆயின், ஆதாரமின்றியும் கொண்டது விடாத மடன் ஒழிந்து, நாடோடி நற்பேறு வாய்த்த காதலருள் ஒருவனாகிவிட்டான். காலணி உண்டவனும் இவனும் ஒருவனே என்னும் இயைபு இங்கு அறுகின்றது.

ஆசிரியர் இறுதியாகத் திருத்திய பாடமே கொள்ளத்தக்கது என்பது பதிப்பு நெறியுள் ஒன்று. சாப்ளினும் பிற்காலத்தில் 1942 வடிவத்தையே விரும்பினார். ஆயினும், படைத்த காலத்து உள்ளமும் பதினேழாண்டு கழித்துத் திருத்திய உள்ளமும் ஒன்றெனக் கொள்ள நாம் உடன்படோம். கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் ஆகிய இருவரும் 1993 இல் மீட்டமைத்த பழைய வடிவமே ஆய்வார்க்கு மூலபாடமாதற்கு உரியது.

இறுதி முத்தம் 1942 இல் நீக்கப்பட்டமை பற்றி நாம் பெரிதும் வருந்தவில்லை. அது புகைப்படக்காரன் எடுக்கவிருந்த படத்தைக் கெடுக்கும் ஒரு சிறு குறும்பே. அதற்குச் சற்று முன், கோடிப் பொருள் பெற்றுக் கப்பலில் திரும்பும் நாடோடி, மென்மயிர்த் தோலங்கி அணிந்த நிலையிலேயே, தரையிற் கிடக்கும் சுருட்டுத் துண்டினைக் குனிந்து எடுக்கின்றான், ஜிம் தடுக்கின்றான். அக்காட்சி இரு பாடங்களிலும் மாறாது உள்ளது.